நூறு சிட்-அப் எடுத்தும் தொப்பை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். வயது 48. செங்கோட்டை பக்கத்துப் பிரானூரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. நாலு வருஷமாக பிபி மாத்திரை எடுக்கிறேன். போன மாதம் பார்த்ததில் வெறும் வயிற்றுச் சுகர் 112. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்தது. "இப்ப எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கை, கால் எல்லாம் ஒல்லிதான், வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. பேன்ட் அளவு பத்து வருஷமாக 36-தான், ஆனால் சட்டைப் பொத்தான் மாட்டுவதில்லை. மூன்று மாதமாக தினமும் நூறு சிட்-அப், காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், ராத்திரி கொள்ளு ரசம், இடுப்பில் வியர்வை பெல்ட். தராசு அசையவே இல்லை. சிட்-அப் எடுக்கும்போது தொப்புளுக்கு மேலே ஒரு மேடு எழும்பி, படுத்தால் அடங்கிவிடுகிறது, வலி கிடையாது. காலையும் மதியமும் வீட்டுச் சாப்பாடு. இரவு மட்டும் வாரம் மூன்று நாலு நாள் மில் ஆட்களோடு பார்டர் பரோட்டா. சனிக்கிழமை கொஞ்சம் தண்ணி. மனைவிக்குப் புனலூர், கேரளத்து மட்டை அரிசி சாப்பிட்டால் உடம்பு குறையும் என்கிறாள். நாற்பது தாண்டினால் உடம்பு கொழுப்பை எரிக்காது என்கிறார்களே, நிஜமா? தை மாதம் மகள் கல்யாணம். அதற்குள் வயிற்றை மட்டும் குறைக்க என்ன பயிற்சி, என்ன சாப்பாடு?

பதில்: அண்ணாச்சி, தொப்பையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த மேடு. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் இருக்கின்றன. வயிறு பெருத்துக்கொண்டே போனால் நடுவில் அவற்றை இணைக்கும் நார்க்கோடு விரிந்து தளர்ந்துவிடும். தலையைத் தூக்கி எழும்போது அந்த இடம் கூரை மாதிரி மேடாகத் தெரியும். அப்படியென்றால் பயமில்லை. ஆனால் அதே இடத்தில் சின்ன ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது வெளியே தள்ளினால் அது ஹெர்னியா, குடலிறக்கம் என்பார்களே அது. இரண்டையும் ஒரு சர்ஜன் படுக்கவைத்து விரலால் அழுத்திப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார், சந்தேகம் இருந்தால் ஸ்கேன். அதுவரை சிட்-அப்பை நிறுத்துங்கள், கனமான எதையும் மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். மேடு உள்ளே போகாமல் நின்றுவிட்டாலோ, வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

நிறுத்தச் சொன்னதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நூறு சிட்-அப் எடுத்தால் செலவாவது முப்பது, நாற்பது கலோரி. மில்லில் குடிக்கும் ஒரு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் கணக்கு அங்கேயே நேராகிவிடும். அப்புறம், எந்தத் தசை வேலை செய்கிறதோ அதன் மேலே இருக்கும் கொழுப்பைத்தான் உடம்பு எடுத்து எரிக்கும் என்பது நாமாக நினைத்துக்கொள்வது. கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் கரைந்து ரத்தத்தில் கலந்துதான் தசைக்கு வருகிறது. 1971-இல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கிற கையில் தசை பெருத்திருந்தது, தோலடிக் கொழுப்பு மட்டும் இரண்டு கையிலும் ஒன்றுபோலவே இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே கையால் அடித்தும் அந்தக் கைக்கென்று கொழுப்பு தனியாகக் குறையவில்லை. "வயிற்றை மட்டும்" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: மட்டும் என்று முடியாது. மொத்தமாகக் குறையும்போது வயிறும் குறையும். நல்ல சேதி என்னவென்றால், வயிற்றுக்குள்ளே இருக்கும் கொழுப்பு அப்படிக் குறையும்போது சீக்கிரமே கரைய ஆரம்பிக்கும் ரகம்.

வியர்வை பெல்ட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்ப வந்துவிடும். தேனும் எலுமிச்சையும் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு பெரிய கரண்டி தேனில் அறுபது கலோரி இருக்கிறது. சுகர் 112 இருப்பவர் காலையில் எழுந்ததும் எதற்கு அதை? எலுமிச்சை மட்டும் போதும். கொள்ளு நல்ல தானியம். ஆனால் ரசமாக வைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பருப்பை ஒதுக்கினால் சாரமான புரதமும் நாரும் போய்விடுகின்றன. சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிடுங்கள். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்னவர்கள் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மேலே கொள்ளு ரசம் குடிக்கச் சொல்லவில்லை.

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பெரிசு என்கிறீர்களே, அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க்காரர்களின் உடல்வாகே அப்படி. அதே உயரம், அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். அதனால்தான் நமக்கு எடை வரம்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். உங்களுக்கு 27.6 வருகிறது. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற மடிப்பு தோலடிக் கொழுப்பு. அது அழகுக்குத்தான் இடைஞ்சல். கிள்ள வராமல் கெட்டியாக முன்னால் தள்ளி நிற்பது குடலைச் சுற்றி இருக்கும் உள்கொழுப்பு. அங்கிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது, கொழுப்பும் கூடவே போய் இறங்குகிறது. உங்கள் ஸ்கேனில் எழுதியிருக்கும் கிரேடு 1 அதுதான். எல்லாருக்கும் இருக்கிறது என்பது உண்மை. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது. எல்லாருக்கும் இருந்தால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் பிபி, அந்த 112, ஃபேட்டி லிவர், தொப்பை நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 100-இலிருந்து 125 வரை சுகர் வருவதற்கு முந்தைய நிலை, இங்கிருந்து திரும்பி வர முடியும்.

பேன்ட் 36 என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வயிறு முன்னால் வர வர பேன்ட் கீழே கீழே இறங்கி இடுப்பெலும்பில் போய் நிற்கிறது, அந்த இடம் பெருக்கவே இல்லை. தடி லோடு வந்தால் நீளத்தின் நடுவில் டேப் போட்டுச் சுற்றளவு எடுக்கிறீர்கள் இல்லையா? நுனியிலும் அடியிலும் அளந்தால் கணக்கு தப்பும். உடம்புக்கும் அப்படித்தான் ஒரு நடு இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலின் மேல், காலையில் சாப்பிடும் முன், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பது உங்களை நீங்களே ஏமாற்றுவது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். உங்களுக்கு 100-ஐ ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். எழுதி வைத்துவிட்டு, இனி தினமும் தராசில் ஏறாமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேப்பைப் பிடியுங்கள். எடை அசையாமலேயே நல்லது நடக்கும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சுகரின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் செய்தவர்களில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

நாற்பதுக்கு மேல் எரிக்காது என்கிற பேச்சுக்கு வருகிறேன். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021-இல் வந்த ஆய்வு ஒன்று, 20 வயதிலிருந்து 60 வரை, தசை எடைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டால் உடம்பு எரிக்கும் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று காட்டியது. அப்படியானால் உங்களுக்கு என்ன மாறியது? முப்பது வயதில் தடி மேல் ஏறி நின்று அளந்துகொண்டிருந்திருப்பீர்கள், இப்போது நாற்காலியில் கணக்கு. சைக்கிள் போய் பைக் வந்தது. பயன்படுத்தாத தசை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அந்த ஒல்லிக் காலைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது. சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு தொடைத் தசைதான். அது சுருங்கினால் மிச்சம் வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் போகும்.

சரி, பார்டர் பரோட்டா. உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் ஒரு தட்டிலும் இதை மறு தட்டிலும் வைக்கலாம். நான் பரோட்டாவுக்கு எதிரி கிடையாது. சாரல் விழும்போது கல்லிலிருந்து எடுத்து நாலைந்தாகச் சேர்த்துத் தட்டிப் போடுகிற அந்தப் பரோட்டாவை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வராது. ஆனால் தட்டைக் கவனித்துப் பாருங்கள். மைதாவும் எண்ணெயும், பிறகு வீசும்போது எண்ணெய், கல்லில் எண்ணெய். பிய்த்துப் போட்ட பிறகு பரிமாறுகிறவர் வாளியின் மேலாக மொண்டு ஊற்றும் சால்னாவில் சிவப்பாக மிதப்பதும் அதுதான். அளவைப் பொறுத்து ஒரு பரோட்டா 200-இலிருந்து 300 கலோரி. நான்கு சாப்பிட்டால் சால்னாவைச் சேர்க்காமலே ஆயிரத்தை ஒட்டி வரும். உங்கள் எடைக்கு அதை நடந்தே கழிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட உட்கார்ந்து சாப்பிடும் லோடு ஆட்கள் ஆறு வைத்தாலும் அவர்களுக்குத் தாங்கும். பகல் முழுக்கத் தடி புரட்டியிருக்கிறார்கள். நீங்கள் அதே மேஜையில் உட்கார்ந்து அதே அளவு சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறீர்கள்.

அடியோடு விடச் சொன்னால் பத்து நாள் விடுவீர்கள். அதனால் வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஏழரைக்கே போங்கள். முதலில் நாட்டுக்கோழியோ ஆம்லெட்டோ வெங்காயத்தோடு வரட்டும், அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு பரோட்டா இரண்டு. சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் ஆட்களோடு உட்காருங்கள், டீ குடியுங்கள், சாப்பாட்டை மதினி கையால் சாப்பிடுங்கள். ராத்திரி ஒரு வேளையைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

மதினி ஊர்ச் சமையலில் இதற்கு வழி கையருகே இருக்கிறது. கஞ்சியும் பயறும். மட்டை அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம், சிறுபயறுத் தோரன், நம் பொரியல் மாதிரி, ஒன்றரைக் கிண்ணம், பக்கத்தில் ஏதாவது கீரை. இதில் பயறு கூடுதலாகவும் கஞ்சி குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், நம் வீடுகளில் எப்போதும் தலைகீழாகத்தான் பரிமாறுவோம். இன்னொரு நாள் புட்டும் கடலைக் கறியும். புட்டு ஒரு துண்டு, கடலை தாராளமாக, பழமும் சீனியும் வேண்டாம். மட்டை அரிசியைப் பற்றி மதினி சொல்வதில் பாதி சரி. வெள்ளை அரிசியைவிட அதில் நார் கொஞ்சம் கூடுதல், மெதுவாகச் செரிக்கும். ஆனால் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பரிசி என்று குவித்துச் சாப்பிட்டால் குறையாது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கும் அரிசிக்குப் பதில்தான், அரிசியோடு சேர்த்துத் தொடுகறி இல்லை. கிழங்கும் சாளை மீன் குழம்பும் வைத்தால் அன்று சோறு வேண்டாம். சாளையும் அயிலையும் குழம்பாக எத்தனை நாள் கிடைக்கிறதோ சாப்பிடுங்கள், பொரித்ததைத்தான் குறைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் உட்பட எந்த எண்ணெயாக இருந்தாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, புனலூர் சம்பந்தம் என்றால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 100 கிராமில் 500 கலோரிக்கு மேல்.

இந்தியர்கள் சாப்பாட்டில் ஏறக்குறைய 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது. உங்கள் காலையும் அப்படித்தான் இருக்கும். ஐந்து இட்லியை மூன்றாக்கி இரண்டு முட்டை சேருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் 18, 20. நாளுக்கு 65, 70 கிராம் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் எடை குறையும்போது தசை போகாது, பசியும் அடங்கும். டீயை நிறுத்தச் சொல்லவில்லை, சர்க்கரையை முதலில் பாதியாக்கி, மாதம் ஒன்று போனதும் முழுவதும் விடுங்கள். சனிக்கிழமை "கொஞ்சம்" என்பது எவ்வளவு என்று நீங்கள் எழுதாததிலேயே தெரிகிறது. 60 மில்லி விஸ்கி 140 கலோரி. அது உள்ளே போனால் கல்லீரல் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். ஃபேட்டி லிவர் இருக்கும்போது விட்டுவிடுவதே நல்லது.

பயிற்சி. காலில் ஆரம்பியுங்கள். கை பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக மூன்று எண்ணி உட்காருங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை. உட்காரும்போது பொத்தென்று விழுந்தால் தொடையில் பலம் இல்லை என்று அர்த்தம், அப்போது நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். அடுத்து, சுவரில் கை ஊன்றித் தண்டால், பழகியதும் மேஜை விளிம்பில். பிறகு இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் எடுத்து வீட்டு நீளத்துக்கு நடப்பது, சர்ஜன் சரி என்ற பிறகு மட்டும். வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். உங்களுக்கு பிபி இருப்பதால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்: எழும்போதும் தள்ளும்போதும் வாய்விட்டு மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150-இலிருந்து 300 நிமிஷம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிஷம் தெருவில் நடப்பது சுகருக்குத் தனியாக நல்லது. ஐப்பசி மழையைச் சாக்குச் சொல்லப் போகிறீர்கள், தெரியும். மதியம் அறுவை நின்று தூள் அடங்கியிருக்கும் நேரத்தில் மில் ஷெட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு மாதம் போன பிறகு, இசிஜி பார்த்து உங்கள் டாக்டர் சரி சொன்னால், செவ்வாய்க்கிழமை பண்பொழி திருமலை முருகன் கோயிலுக்குப் படியேறுங்கள். அறுநூறுக்கும் மேல் படி. முதல் தடவை பாதியில் நாலு இடத்தில் உட்காருவீர்கள், அதுதான் முறை. இறங்கும்போது முட்டி வலித்தால் வண்டிப் பாதையில் இறங்குங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது தோள் அல்லது தாடையில் வலி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதினியையும் கூட்டிப் போங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைந்து, அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். டேப்பை அவர்களுக்கும் பிடியுங்கள், 80.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்: ஊசி. 2025-இல் இங்கேயும் எடை குறைப்பு ஊசிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. நன்றாக வேலை செய்கின்றன, நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, கொழுப்போடு தசையும் போகிறது. உங்களுக்கு இப்போது முதல் படி அது இல்லை. வாட்ஸப்பில் வரும் பவுடர் டப்பாக்கள் எந்தப் படியிலும் இல்லை.

தைக்கு இன்னும் ஐந்து மாதம். மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று இறங்கினால் கல்யாணத்தன்று 71-இலிருந்து 73-க்குள் இருப்பீர்கள். எடையில் ஏறக்குறைய ஒரு கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று இடுப்பும் இறங்கும். சட்டையை இப்போதே தைக்கக் கொடுக்காதீர்கள். அதைவிட வேகமாக இறங்கினால் எனக்குச் சந்தோஷம் இல்லை, தசை கரைகிறது என்று எடுத்துக்கொள்வேன். ஒரு முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினாலோ, காலில் வீக்கத்தோடு வயிறு திடீரென்று பெருத்தாலோ அது வேறு சமாச்சாரம், உடனே காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சுகரோடு சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c), டிரைகிளிசரைடு, கல்லீரல் என்சைம் ரத்தப் பரிசோதனைகளையும் எடுத்துவிடுங்கள். எடை குறையக் குறைய பிபியும் இறங்கும், உட்கார்ந்து எழும்போது தலை சுற்றலாம். அப்படி வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பிபி பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள், அளவைக் குறைப்பதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.